சிவப்புப் படகை எடுத்தவர் யார்?

டேட்டாபேஸ் படிக்கப் புத்தகம் தேடுகிறவர்கள் முதலில் அதிலுள்ள உதாரண டேபிள்களைப் பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் வரும் நாலு வரி டேபிள், கடினமான கேள்விகள் வரை தாக்குப்பிடித்தால் அது நல்ல புத்தகம்.

மண்டபத்தூர்க் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குப் பக்கத்துத் திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் இடம் கிடைத்தால், ராகு ராமகிருஷ்ணனும் யோஹானஸ் கெர்க்கேயும் எழுதிய புத்தகத்தைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். அட்டையில் மாடு இருப்பதால் ‘மாட்டுப் புத்தகம்’ என்றே அதற்குப் பெயர். உள்ளே இருப்பதோ படகுகள்! மாலுமிகள், படகுகள், முன்பதிவுகள் என்று மூன்றே டேபிள். சிவப்புப் படகை எடுத்தவர்கள் யார் என்று கேட்டால் மூன்றையும் ஜாயின் செய்தாக வேண்டும். சிவப்பு அல்லது பச்சை என்றால் ‘ஆர்’ போட்டால் போதும். சிவப்பும் வேண்டும், பச்சையும் வேண்டும் என்றால்? ‘ஆர்’ இருந்த இடத்தில் ‘அண்ட்’ போட்டுப் பாருங்கள், ஒரு வரிகூட வராது. ஒரு படகுக்கு ஒரு நிறம்தானே! இன்டர்செக்ட் எதற்கு என்று அந்த இடத்தில் தானாகப் புரிந்துவிடும். அடுத்து, எல்லாப் படகையும் எடுத்தவர் யார்? அவர் எடுக்காத படகே இல்லை என்று மாற்றிச் சொல்ல வேண்டும். ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ இரண்டு முறை வரும். இந்தப் படிக்கட்டைக் கட்டியிருக்கும் அழகுக்கு ஈடு கிடையாது.

இரண்டாவதாக, சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் புத்தகம். 1986இல் வந்த முதல் பதிப்பின் அட்டையில் பாய்மரப் படகுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேட்டா மாடலின் பெயர். பிறகு சேர்ந்த எஸ். சுதர்சன் ஐ.ஐ.டி. பம்பாய்ப் பேராசிரியர். விஸ்கான்சினில் ராகு ராமகிருஷ்ணனிடம் ஆய்வு செய்தவர், இருவருமே ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்கள். இதில் வரும் ஆசிரியர் டேபிளில் ஸ்ரீனிவாசன் கம்ப்யூட்டர் சயின்ஸ், மொஸார்ட் இசை, ஐன்ஸ்டைன் இயற்பியல். பாதியில் கரண்ட் போனால் டிரான்ஸாக்‌ஷன் என்னவாகும் என்பதைப் பொறுமையாக விளக்கும் அத்தியாயங்களுக்காகவே வாங்கலாம்.

சி. ஜே. டேட்டின் புத்தகம் ஆழமானது, ஆனால் முதல் புத்தகம் அல்ல.

மாட்டுப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2003ஆம் ஆண்டினது. பழைய பிரதியே போதும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம். அந்த மூன்று டேபிளையும் அதில் நீங்களே டைப் செய்து, கேள்விகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். சுதர்சன் புத்தகத்துக்கு மட்டும் 2019இல் வந்த ஏழாம் பதிப்பையே வாங்குங்கள்.