குனிஞ்சு பாருங்கோ!

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் டிரைவ்வேயில் நிற்கிற எங்கட பிரியஸின் பின்பக்கத்தைத்தான் காட்டுகிறேன். தேத்தண்ணி பிறகு. "நல்லாக் குனிஞ்சு பாருங்கோ, பம்பருக்குக் கீழே ஒரு சதுர வாய் மட்டும் தெரியுதெல்லே? அதுதான் சைக்கிள் தாங்கி கொழுவுற ஹிட்ச். மிச்ச இரும்பெல்லாம் உள்ளுக்கை!" அவர்கள் பெரிதாக அதிசயிப்பதில்லை. உரசல் சத்தம் கேட்டு வளராதவர்கள்.

பழைய காரில் நான் பூட்டிய ஹிட்சுக்குக் குறுக்குக் குழாய் பம்பருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் எங்கள் டிரைவ்வே ரோட்டை நோக்கிச் சரிந்து இறங்கும். ரிவேர்ஸில் வர, பின்சில்லு இன்னும் சரிவில் நிற்கும். அதற்குப் பின்னால் நீண்டிருக்கிற வால் மட்டமான ரோட்டில் போய் முட்டும். கர்ர்ர்ர்! விடியற்காலையில் தெருவுக்கே திருப்பள்ளியெழுச்சி. பனிக்காலத்தில், நகரசபை வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகிற பனிவரம்பை என் ஹிட்ச்தான் உழும். ஊரில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டி கொழுவித் திரிந்தவனுக்கு அது வந்த சோதனை!

இந்த முறை அளவுநாடாவோடு இறங்கினேன். சின்னக் காருக்கான முதலாம் வகுப்பு ஹிட்சுக்கு வாய் ஒன்றேகால் அங்குலம். 2000 இறாத்தல் இழுக்கும், 200 இறாத்தல் தாங்கும் என்று பெரிதாகச் சொல்வார்கள். அது இரும்பின் கணக்கு. காரின் கணக்கு வேறு. பிரியஸில் டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்று வட அமெரிக்கக் கையேட்டில் டொயோட்டாவே சொல்லிவிட்டது. எனக்கோ இரண்டு சைக்கிளும் அதற்கொரு தாங்கியும் போதும். ஆகவே நான் தேடியது ஒன்றைத்தான்: நிலத்துக்கும் இரும்புக்கும் இடையில் எத்தனை அங்குலம்?

குழாயின் அடியை மட்டும் அளந்தால் ஏமாந்து போவீர்கள். பாதுகாப்புச் சங்கிலி கொழுவுகிற வளையங்கள் சிலவற்றில் அதற்கும் கீழே தொங்கும். வெறும் காரை அளப்பதும் வீண் வேலை. பிள்ளைகளையும் மாமியையும் பின்சீட்டில் இருத்தி, டிக்கிக்குள் இரண்டு அரிசி மூட்டையும் வைத்துவிட்டு அளந்தேன். மாமி இன்னும் அதை மறக்கவில்லை.

கடைசியில் மனதைப் பறித்தது டோர்க்லிஃப்ட் சென்ட்ரலின் ஈகோஹிட்ச். குறுக்குச் சட்டம் பம்பர் மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, வாய் மட்டும் எட்டிப்பார்க்கிறது. என்ன மூளை! மூடியைக் கழற்றித்தான் பூட்ட வேண்டும்; இரண்டு கிளிப் உடைந்தது, ஒரு சனிக்கிழமை போயிற்று. போகட்டுமே! போல்ட்டுகளை மட்டும் டோர்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கே இறுக்கினேன். சைக்கிள் தாங்கி குலுங்கக் குலுங்க நெம்புவது அவற்றைத்தான்.

அடுத்த ஞாயிறு நயாகரா ஆற்றோரச் சைக்கிள் பாதைக்குப் புறப்பட்டோம். 50 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அருமையான பாதை, ஆனால் என் நினைப்பெல்லாம் முதல் 10 மீட்டரில். பின்னால் சைக்கிள்கள், உள்ளே முழுக் குடும்பம். ரேடியோவை நிறுத்திவிட்டு மெல்ல மெல்ல ரிவேர்ஸ் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ," என்றாள் மனுசி, "ரோட்டுக்கு வந்திட்டம். ஏன் இன்னும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"