வாளும் வேலும் விதிகளும்: மேசை விளையாட்டுகளிற் போர்க்கலை பற்றிய ஒரு நோக்கு

பழைய போர்ப்பயிற்சி முறைகளை விளையாட்டு விதிகளாக வடித்தல் வெறும் பொழுதுபோக்குச் சார்ந்த பிரச்சினையன்று. வரலாற்றை எவ்வாறு வாசிப்பது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. பலர் மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டுகளில் வாள்வீச்சும் வேற்குத்தும் எண்களாக மாறுகின்றன. எவை எண்களாகின்றன, எவை விடுபடுகின்றன என்பதே இங்கு ஆராயற்பாலது.

இவ்வகையின் முன்னோடி, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதன் மூலவிதியில் எல்லாக் கருவிகளும் ஆறுமுகப் பகடையளவே ஊறு விளைவித்தன. 1975இல் வந்த இணைப்பு நூல், மனித அளவினரைத் தாக்குகையில் வாளுக்கு எட்டுமுகப் பகடையையும் வேலுக்கு ஆறுமுகப் பகடையையும் வகுத்தது. ஆனால் வேலின் வலிமை அது தரும் காயத்தில் மட்டும் இல்லை. வாளேந்தியவனைத் தொலைவிலேயே தடுத்து நிறுத்துவதில் உள்ளது. அவன் வேல்முனையைக் கடந்து நெருங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். ஆங்கிலேய வாட்கலை ஆசிரியர் ஜோர்ஜ் சில்வர், 1599இலேயே கருவியின் நீளம் தரும் சாதகத்தை வலியுறுத்தினார். மேலும், மிகுந்த இரும்பும் நுண்ணிய கொல்வேலையும் வேண்டிய வாள் பெரும்பாலும் வசதிபடைத்தோர்க்குரியது. மரக்காம்பில் சிறிது இரும்பு பொருத்திய வேல் சாதாரண வீரனுக்குரியது. ஆகவே அவ்வட்டவணை, தன்னையறியாமலே மேலோரின் கருவியை உயர்த்திவிடுகிறது.

1978இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' இவ்வகையில் ஒரு முன்னேற்றமாகும். நீண்ட கருவி முந்தித் தாக்கும். அடியைத் தடுக்கும் கருவியும் சேதமுறும். அதன் ஆக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்த ஸ்டீவ் பெரின், இடைக்காலப் போர்முறைகளை மீள நிகழ்த்தும் சங்கமொன்றைச் சேர்ந்தவர். அனுபவம் விதியைத் திருத்திற்று எனலாம்.

கருவி தேயும், முறியும் என்னும் உண்மையை நம் சான்றோர் அறிந்திருந்தனர். புறநானூற்று 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் அணிசெய்யப்பட்ட படைக்கலங்களையும், முனை முறிந்து கொல்லனது சிறுகொட்டிலிற் கிடக்கும் அதியமானின் வேல்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார். 312ஆம் பாடலிற் பொன்முடியார், வேல் வடிக்கும் கொல்லனை வீரனை உருவாக்குவோர் வரிசையில் வைக்கிறார். இவற்றுள் முன்னது அரசனைப் போற்றும் பாடலே. எனினும் கருவிக்குப் பின்னுள்ள உழைப்பை அவை மறைக்கவில்லை. விளையாட்டு அட்டவணையிலோ வேல், விலையும் ஊறும் குறிக்கப்பட்ட சரக்காகவே நிற்கிறது.

இவ்வினா நானுஓயாவிலிருந்து நோக்குவோர்க்கு அந்நியமானதன்று. மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் பொன்னர் சங்கர் கூத்தும், வாளையும் வேலையும் விதிக்குட்படுத்திய ஒரு நிகழ்த்துமுறையே. அங்கு ஆட்ட அடவும் தப்பின் அடியும் போரை அளக்கின்றன. நிலவுடைமையாளர்க்கும் வேட்டுவர்க்குமிடையிலான பகையே அக்கதையின் அடித்தளம் என்பதையும் மறத்தலாகாது. சரிவில் நின்று நாள் முழுதும் கவ்வாத்துக் கத்தி வீசும் தொழிலாளி, வெட்டின் சாய்வையும் காலூன்றலையும் தோளின் களைப்பையும் மெய்யால் அறிவான். கருவிப் பயிற்சி என்பது உடலிற் படிந்த உழைப்பே. நம் இளைஞர் இக்கதைகளை மேசை விளையாட்டாக்க முனைவராயின், அந்நிய அட்டவணைகளைப் பெயர்த்தெழுதுவதைவிட இவ்வறிவிலிருந்து விதிகளை வகுப்பதே பொருத்தமாகும். கொல்லனையும் களைப்பையும் கணக்கிலெடாத விதி, போரைக் காட்டலாம், பொருதவனைக் காட்டாது.