கனெக்டிகட் கூடைப்பந்து: உவமை எது, பொருள் எது?

ஒன்றோடொன்றை ஒப்பிடுவோர், எதனை அளவாக நிறுத்தி எதனை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். உவமையாக நிற்பது உயர்ந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஒப்புமை தோன்றும் இடங்களை அவர் தொழில், பயன், வடிவம், நிறம் என நான்காக வகுத்தார். செய்யுளுக்கு வகுத்த நெறியை விளையாட்டரங்கிற்குக் கொண்டு செல்வதா என நகைப்போர் நகைக்கட்டும். அமெரிக்காவிலுள்ள கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆடவர், மகளிர் கூடைப்பந்துக் குழுக்களைப் பற்றி எழுதப்படுவனவற்றைப் படிக்குங்கால் இந்நெறி நினைவுக்கு வாராமற் போகாது.

ஸ்டோர்ஸ் என்னும் சிற்றூரில் அமைந்தது அப்பல்கலைக்கழகம். மகளிர் குழுவுக்கு ஜீனோ ஆரியெம்மா 1985இலும், ஆடவர் குழுவுக்கு ஜிம் கல்ஹூன் 1986இலும் பயிற்றுநராயினர். அதுகாறும் இரு குழுக்களும் தேசிய வாகையைக் கண்டதில்லை. பின்னர் 2025 வரை ஆடவர் 6 முறையும் மகளிர் 12 முறையும் வாகை சூடினர். 2004இலும் 2014இலும் ஒரே பருவத்தில் இரு குழுக்களுமே வென்றன. முதல்நிலைப் பிரிவில் 2025 வரை வேறெந்தப் பல்கலைக்கழகமும் இதனைச் செய்ததில்லை.

இனி உவமைக்கு வருவோம். 2010 டிசம்பரில் மகளிர் குழு தொடர்ந்து 89ஆவது ஆட்டத்தை வென்றபோது, அவ்வெற்றி லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆடவரின் 88 வெற்றிகளோடு ஒப்பிடப்பட்டது. ஜான் வுட்டன் பயிற்றிய அக்குழுவின் தொடர் 1974இல் முடிவுற்றது. ஆடவர் சாதனை உவமையாக நின்றது. மகளிர் சாதனை அதனால் விளக்கப்படும் பொருளாயிற்று. உயர்ந்தது எது என்ற முடிவு ஒப்பீட்டுக்கு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. 2014 முதல் 2017 வரை அதே மகளிர் 111 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றனர். அப்போது உவமையாக நிறுத்த ஆடவரிடத்தும் ஒன்றில்லை.

தொழில் நோக்கில் மறுப்பொன்று உண்டு. அதனைத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. மகளிர் ஆட்டத்தில் வலிய குழுக்கள் சிலவே இருந்தமையால் அவ்வெற்றிகள் எளிதாயின என்பர். இதில் உண்மை உண்டு. எதிரணிகள் வளர்ந்த பின்னர், 2016க்கும் 2025க்கும் இடையே கனெக்டிகட் மகளிருக்கு ஒரு வாகையும் கிட்டவில்லை. ஆயினும் ஆடவர் வரலாறும் நேர்கோடன்று. கல்வித் தேர்ச்சிக் குறைவால் 2013 தேசியப் போட்டியினின்றும் விலக்கப்பட்ட ஆடவர் குழு, அடுத்த ஆண்டே தம் வட்டாரத்தில் ஏழாம் இடத்தில் வரிசைப்படுத்தப்பட்டும் வாகை சூடியது. வியப்பான வெற்றிதான், முந்தைய ஆண்டின் விலக்கையும் உடன் சொல்லாமல் அதனைப் பாராட்டுவோரே மிகுதி.

பெயரிலும் இச்சார்பு உண்டு. 'மார்ச் வெறியாட்டம்' எனப் பொருள்படும் புகழ்பெற்ற பெயரைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2022 வரை ஆடவர் போட்டிக்கே உரியதாக வைத்திருந்தது. ஆண் பாடினால் புலவர், பெண் பாடினால் பெண்பாற் புலவர் என்று வழங்கும் நமக்கு இது புதிதன்று.

மெய்யான வழக்கு பயனில் இருக்கிறது. 2024இல் ஆடவர் பயிற்றுநர் டான் ஹர்லிக்கு 6 ஆண்டுகளுக்கு 5 கோடி அமெரிக்க வெள்ளி ஒப்பந்தமாயிற்று. அவ்வாண்டே ஆரியெம்மா பெற்றது 5 ஆண்டுகளுக்கு 1 கோடியே 87 லட்சம். முன்னவர் அப்போது வென்றிருந்த தேசிய வாகை 2. பின்னவர் வென்றிருந்தது 11. பொருளீட்டித் தருவது ஆடவர் ஆட்டமே. ஊதியம் அதன் வழிச் செல்கிறது என்பது வழக்கமான விடை.

அவ்விடை பாதியே உண்மை. தேசியப் போட்டியில் ஒரு குழு முன்னேறும் அளவுக்கேற்ப, அது சார்ந்த கூட்டமைப்புக்குத் தொலைக்காட்சி வருவாயில் பங்கு தரும் முறை ஆடவருக்கு 1991 முதல் உண்டு. மகளிருக்கு 2025 வரை அம்முறையே இருந்ததில்லை. வென்றாலும் பங்கில்லை, தோற்றாலும் பங்கில்லை என வைத்துவிட்டு, மகளிர் ஆட்டம் பொருள் தரவில்லை என்பது, ஏரை மறுத்துவிட்டு விளைச்சலைக் கேட்பதாகும். 2021இல் ஆடவர்க்கு இண்டியானாபோலிசில் பெரிய உடற்பயிற்சிக் கூடமும், மகளிர்க்குச் சான் அந்தோனியோவில் ஓர் எடைத்தட்டும் வைத்திருந்ததை ஓரிகன் பல்கலைக்கழக ஆட்டக்காரி ஒருவர் படமெடுத்துக் காட்டினார். அதன் பின் ஆகஸ்டில் வெளிவந்த ஆய்வறிக்கை, மகளிர் போட்டியின் ஒளிபரப்பு மதிப்பு மிகக் குறைத்தே கணிக்கப்பட்டிருந்தது என்றது.

2024இல் அயோவாவும் தென் கரோலினாவும் ஆடிய மகளிர் இறுதியாட்டத்தைச் சராசரி 1 கோடியே 89 லட்சம் பேர் கண்டனர். கனெக்டிகட் ஆடவர் பர்டியூவை வென்ற இறுதியாட்டத்தைக் கண்டோர் 1 கோடியே 48 லட்சம். பின்னது கட்டணத் தொலைக்காட்சியில் வந்தது என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். ஆயினும் மகளிர் ஆட்டத்தைக் காண்பாரில்லை என்ற பழைய சொல் இனிச் செல்லாது.

மகளிர் போட்டிக்கும் பங்கு தர 2025 சனவரியில் முடிவாயிற்று. முதலாண்டுக்கு ஒதுக்கியது 1 கோடியே 50 லட்சம் வெள்ளி. அவ்வாண்டு ஏப்ரலில் கனெக்டிகட் மகளிர் தென் கரோலினாவை 82-59 என வென்று சூடியது, அவர்கள் வாகைகளுள் பங்கு பெற்றுத் தந்த முதலாவதாகும். அதற்கு முன் சூடிய 11 வாகைகளுக்கு அந்தக் கணக்கில் ஒரு வெள்ளியும் வரவில்லை.