மாண்டரினின் வயிறு

யாராவது தங்கள் வீட்டு ரீஃப் டேங்க்கைக் காட்டினால், வந்தவர்கள் முதலில் அக்ரோபோராப் பவளத்தின் நுனி நிறத்தைப் பார்ப்பார்கள். நான் மாண்டரின் மீன் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அதன் வயிற்றைப் பார்ப்பேன். உருண்டிருந்தால் டேங்க்குக்காரர்மேல் மரியாதை வரும். ஒட்டிக் குழி விழுந்திருந்தால், மேலே தொங்கும் விளக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி என்பதைக் கேட்கக்கூடத் தோன்றாது.

ஆல்கலினிட்டி 8.5, கால்சியம் 420, மெக்னீசியம் 1300 என்று எண்களை ஒப்பிக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. எண்கள் வேண்டாம் என்று யார் சொன்னது? நல்ல டோசிங் பம்ப் வாங்கினால் எண்கள் நிற்கும். ஆனால் மாண்டரினை வாழவைக்கிற பம்ப் எந்தக் கடையிலும் கிடையாது. பாறையில் ஊரும், நிற்கும், கண்ணை உருட்டிப் பார்க்கும், கோப்பிபாட் என்கிற குட்டி உயிர் ஒன்றே ஒன்றைக் கொத்தும், மறுபடி ஊரும். பகல் முழுக்க இதே வேலை. காலையும் மாலையும் உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்து ஊற்றிவிட்டு அலுவலகம் போகிறவருக்கு ஏற்ற மீன் அல்ல அது.

அதன் நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ப்ளூ டாங்கின் நீலமும் டேம்செல்லின் நீலமும் ஒளியின் வேலை. தோலுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய தகடுகள் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. மயில் கழுத்தின் நீலமும் அந்த இனம்தான். மாண்டரினுடையது அசல் நிறமி. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோடாவும் ஃபூஜியியும் இதன் தோலிலும், இதன் உறவான புள்ளி மாண்டரினின் தோலிலும் நீல நிறமி தாங்கிய செல்களைக் கண்டறிந்தார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக அபூர்வம். உடம்பில் செதில் கிடையாது. கசப்பும் நாற்றமுமான வழுவழுப்புக் கோழைதான் போர்வை. அந்தக் கோழைக்கு அடியில், ஆரஞ்சு வளைவுகளுக்கு நடுவே, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் மாறாத நீலம்.

இன்றைய நீல வெளிச்ச மோகத்தோடு எனக்கு ஒத்துப்போகாததற்கும் இதுவே காரணம். எல்இடியில் நீலத்தை மட்டும் ஏற்றிவிட்டால் பவளங்கள் பச்சையும் சிவப்புமாக ஒளிரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாண்டரினின் ஆரஞ்சு அங்கே செத்துவிடும், மீனே கறுத்துத் தெரியும். 10,000 கெல்வின் மெட்டல் ஹேலைடு விளக்கின் கீழே மணலில் ஓடிய அந்த நெளிவெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. “சிங்கப்பூர் வெக்கைக்கு ஹேலைடா? சில்லர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் யார் கட்டுவது?” என்கிறார்கள். நியாயம்தான். எல்இடியே இருக்கட்டும். அதில் வெள்ளையைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் குடி முழுகிவிடுமா?

தோ பாயோவில் ஒரு சீனப் பெரியவர் வைத்திருந்த டேங்க்கை நான் மறக்கவில்லை. பின்கண்ணாடி முழுக்க ஊதாவும் பச்சையுமாகப் பாசி. கீழே சம்ப் தொட்டியில் கீட்டோ பாசி புதராக வளர்ந்து கிடந்தது. சுத்தம் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். “அங்கிள், இதைச் சுரண்டக் கூடாதா?” என்று கேட்டேன். “சுரண்டினால் இவன் எதைத் தின்பான்?” என்று ஆண் மாண்டரினைக் காட்டினார். ஜோடியாக வைத்திருந்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஆண், முதல் முதுகுத் துடுப்பின் நீண்ட முள்ளை விரித்துக்கொண்டு வந்தது. பெண் அதன் பக்கத்தில் சாய்ந்தது. இரண்டும் ஒட்டியபடி மெல்ல மேலே ஏறின. உச்சியில் ஒரு துள்ளல், அடுத்த கணம் இரண்டும் பாறைக்குள். முட்டையெல்லாம் ஓவர்ஃப்ளோவில் போய்ச் சேர்ந்தது. பெரியவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த மாதிரி டேங்க்கின் பாட்டன் பக்கத்து ஊரிலேயே இருந்தார். ஜகார்த்தாவின் லீ சின் எங், 1961இல் எழுதிய கட்டுரையில் காட்டிய வழியில் உயிருள்ள பாறை, வெயில், காற்றுக் குமிழி தவிர வேறொன்றும் கிடையாது. ஸ்கிம்மரும் பலத்த விளக்கும் பிறகு பெர்லின்காரர்கள் சேர்த்தவை.

அந்த உயிருள்ள பாறைக்குப் பதிலாக இப்போது வருவது உலர்ந்த பாறை. பிஜி 2017 முடிவில் பவளத்தையும் லைவ் ராக்கையும் ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. இரண்டும் சரியே. நம் வரவேற்பறைக்காகக் கடலைப் பெயர்க்க வேண்டியதில்லை. உலர்பாறையிலும் நாளடைவில் உயிர் குடியேறும். அந்த நாளுக்குத்தான் யாரும் காத்திருப்பதில்லை. பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, கைப்பேசிச் செயலியில் எல்லாம் பச்சையாகத் தெரிந்ததும் மாண்டரினைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கடைக்காரர் ஒருவர் “அம்மோனியா பூஜ்யமா? அப்போ தாராளமா விடலாம்” என்று என் கண்ணெதிரே விற்றார். கோப்பிபாட் உண்டா என்று அவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அந்த மீன் பட்டினியில்தான் போயிருக்கும்.

இத்தனைக்கும் அந்த மீன் வந்த வழி சுலபமானதல்ல. கிளைப் பவளத்து இடுக்கில் ஒளிவதால் வலைக்கு லேசில் அகப்படாது. பிலிப்பைன்ஸில் ஊசி முனை வைத்த குட்டி ஈட்டியால் குத்திப் பிடிப்பதும் உண்டு. பெரிய ஆண் மீனுக்கே கிராக்கி. பெண் மாண்டரினும் பெரிய ஆணைத்தான் விரும்புகிறது என்பதால், பிடித்தது போக மிஞ்சுகிற கூட்டத்துக்கும் நஷ்டம். இன்று பலாவ் தீவுகளின் பயோட்டா போன்ற பண்ணைகளின் புண்ணியத்தில் தொட்டியிலேயே பிறந்த மாண்டரின் கிடைக்கிறது. சின்னதாக இருக்கும், விலை கூடுதல், பெல்லட்டும் தின்னும். “காட்டு மீனின் கம்பீரம் இல்லை” என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. உருண்ட வயிற்றைவிடப் பெரிய கம்பீரம் மாண்டரினுக்குக் கிடையாது என்பது என் கட்சி.

வாங்குவதென்றால் தொட்டியில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். டேங்க்குக்கு ஒரு வயதாவது ஆகட்டும். ஏற்கெனவே சிக்ஸ்லைன் ராஸ் மீன் இருந்தால், அது கோப்பிபாடில் பங்குக்கு வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ராத்திரி விளக்கணைந்த பிறகு டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாகக் கோப்பிபாட் ஓடவில்லையென்றால் இன்னும் வாங்காதீர்கள்.