யப்பானில் ஒரு கொரிய நாடகம்: இரசனையும் வரலாறும்

வெகுசனக் கலையை ‘மலிவானது’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது இலகுவான விமரிசனமாகும். ஆயின், ஒரு படைப்பை மக்கள் ஏன் ஏற்றனர், ஏற்றதனால் விளைந்தது யாது என்ற வினாக்களுக்கு அச்சொல் விடையாகாது. ‘குளிர்கால சொனாற்றா’ என்னும் கொரியத் தொலைக்காட்சி நாடகம் யப்பானில் பெற்ற வரவேற்பு இதற்குத் தக்க சான்றாகும்.

2002இல் தென்கொரியாவில் ஒளிபரப்பான இந்நாடகம், 2003இல் யப்பானின் என்.எச்.கே. செய்மதி அலைவரிசையிலும் 2004இல் அதன் பொது அலைவரிசையிலும் இடம்பெற்றது. முதற்காதல், விபத்து, நினைவிழப்பு, மீள்சந்திப்பு என்பனவே கதை. தற்செயல் நிகழ்ச்சிகளிலேயே கதைப்பின்னல் தங்கியுள்ளது. பாத்திரங்கள் வாழும் சமூகமோ பனியில் மறைந்துவிடுகின்றது. இவை குறைகளே. எனினும், நடுத்தர வயதுப் பெண்கள் பெருந்தொகையாக இதனைத் தமதாக்கிக்கொண்டனர். நாயகனாக நடித்த பே யொங் ஜூன் 2004 நவெம்பரில் நரிற்றா விமான நிலையத்தில் வந்திறங்கியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களை எள்ளி நகையாடியோரும் உளர்.

எள்ளியோர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. முதலில் யப்பானிய மொழிக் குரலில், சில பகுதிகள் நீக்கப்பட்டே இந்நாடகம் வழங்கப்பட்டது. 2004 டிசெம்பரில் அது கொரிய மொழியிலேயே, துணைத்தலைப்புகளுடன் முழுமையாக ஒளிபரப்பாயிற்று. நடிகரின் சொந்தக் குரலைக் கேட்க விழைந்த இரசிகர் பலர் கொரிய மொழியைக் கற்கவும் முற்பட்டனர். 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட யப்பானிய ஏகாதிபத்தியம், தன் இறுதி ஆண்டுகளில் அம்மொழியைப் பாடசாலைகளிலிருந்து அகற்றிற்று. 1940இலிருந்து யப்பானியப் பெயர்களைச் சூடுமாறு மக்களை நிர்ப்பந்தித்தது. ஆண்ட நாட்டின் புதல்வியர், அடக்கப்பட்ட மொழியை விரும்பிப் பயின்றமை சிறு செய்தியன்று.

ஆயினும், இரசனை தானாகவே வரலாற்றுணர்வாகிவிடாது. 2005இல் கொரிய அலையை வெறுக்கும் சித்திரக்கதை நூலொன்று யப்பானில் பெருமளவில் விற்பனையாயிற்று. 2011 ஓகஸ்டில், கொரிய நிகழ்ச்சிகள் மிகுந்துவிட்டன எனக் கூறி, டோக்கியோவில் தொலைக்காட்சி நிலையமொன்றின் முன் பெருந்திரளானோர் ஆர்ப்பாட்டம் செய்தனர். நாடகம் வரலாற்றைப் பேசவில்லை. ஆதலின், அதன்மீது கொண்ட அன்பு மட்டும் இவ்வெறுப்புக்கு விடையாக இயலவில்லை.

மொழியைக் கற்றவர்க்கோ அவ்வரலாற்றைக் கொரியரின் வாய்மொழியாகவே அறியும் வழி திறந்துள்ளது. அவ்வழியைத் திறந்தமை இந்நாடகத்தின் பெருமை. அதிற் செல்லும் தேவையை உணர்த்தாமை அதன் குறை. விமரிசகன் இரண்டையும் கூறுதல் வேண்டும்.