மேடையில் விழுங்கப்படும் வருஷங்கள்

பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்தில்தான் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை. நாடகம் பார்க்க யாரையாவது கூப்பிட்டால், "சரித்திரமா? எனக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்று நழுவுகிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. 'பொன்னியின் செல்வன்' படத்துக்கு முண்டியடித்தபோது மட்டும் சோழர் வம்சாவளியை மனப்பாடம் செய்துவிட்டா போனீர்கள்?

அடிப்படை ரொம்பக் கொஞ்சம். எந்த வருஷம், நாற்காலி யாருக்கு. அந்தத் துறையைக் கட்டியெழுப்பிய இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1657இல் ஷாஜகான் நோயில் விழுகிறார். மகன்கள் மோதுகிறார்கள். 1658இல் ஔரங்கசீப் அப்பாவை ஆக்ரா கோட்டையில் அடைக்கிறார். 1659இல் அண்ணன் தாராவின் தலை போகிறது. போதும், கிளம்புங்கள்.

இனிதான் விஷயம். காலப்பிழை வேறு, காலச்சுருக்கம் வேறு. நம் விமர்சகர்கள் முதலாவதைப் பிடித்துத் தொங்குவார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் கடிகாரம் மணியடிக்கிறதாம், அந்த ரோமில் ஏது கடிகாரம் என்று துள்ளுவார்கள். அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும், நாடகத்தில் எதுவும் குடிமுழுகிவிடவில்லை. 'நான்காம் ஹென்றி'யின் முதல் பாகத்தில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். 1403, ஷ்ரூஸ்பரி போர். கலகக்காரன் ஹாட்ஸ்பருக்கு நிஜத்தில் அப்போது 39 வயது. இளவரசன் ஹால் பதினாறு வயதுப் பொடியன். மேடையில் இருவரும் சமவயசுக்காரர்கள்! அதனால்தான் ராஜா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டித் திட்டும் நம்மூர் அப்பா மாதிரி, ஹாட்ஸ்பரைக் காட்டி மகனைக் குத்த முடிகிறது. இருபது சொச்சம் வருஷத்தை விழுங்காமல் அந்தப் புகைச்சல் பிறக்குமா? எதற்காக விழுங்கினார் என்று கேட்கப் பழகுங்கள். பாதி ரசனை அதில்தான்.

'ஔரங்கசீப்' நாடகத்தில் வரும் ஷாஜகானின் கறுப்புத் தாஜ்மகால் கனவும் இந்தக் கணக்குதான். பிரெஞ்சுப் பயணி தாவர்னியே எழுதிவைத்ததிலிருந்து கிளம்பிய கதை அது, ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 'வரலாற்றுப் பிழை' என்று மூக்கைச் சுளிப்பவர் சுளிக்கட்டும். அந்தக் கனவு இல்லாவிட்டால் அப்பாவின் பழங்காலமும் மகனின் கஜானாக் கவலையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள ஏது வழி?

வெல்வெட் அங்கி, ஜிகினா கிரீடம், இப்போது புது மோஸ்தராகப் பின்னால் எல்.இ.டி. திரையில் எரியும் கோட்டை. அது பாட்டுக்கு எரியட்டும், நீங்கள் நடிகரின் கையைப் பாருங்கள். அடைபட்ட பிறகும் ஷாஜகான் ஆளைக் கூப்பிட விரலைச் சொடுக்குகிறாரா, பாதியில் நிறுத்துகிறாரா? எத்தனை மாதம் ஓடியிருக்கிறது என்பதை அந்த விரல் சொல்லிவிடும்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் தாராவுக்காக உருகுவார்கள். நான் அவருடைய சகோதரிகளைத்தான் பார்ப்பேன். ரோஷனாரா ஔரங்கசீப் பக்கம். ஜஹானாரா கோட்டைக்குள்ளேயே அப்பாவோடு இருந்துவிட்டவள். 1666இல் ஷாஜகான் இறந்ததும் ஔரங்கசீப் அரண்மனைப் பெண்களில் முதலிடம் கொடுத்தது யாருக்குத் தெரியுமா? ஜஹானாராவுக்கு! இதை மனதில் வைத்துக்கொண்டு, ரோஷனாரா தம்பட்டம் அடிக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.