பேசாத நாயகனுக்குக் குரல் கொடுத்தவர்கள்

வீடியோ கேமைத் தழுவி நல்ல படைப்பு வராது என்ற சாபம் நீங்கிவிட்டதாகச் சில ஆண்டுகளாக எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 2017இல் நெட்ஃபிளிக்ஸின் 'கேஸில்வேனியா', 2021இல் 'ஆர்கேன்', 2022இல் 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்', 2023இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்று வரிசையாகச் சொல்லி, இந்தத் துறைக்கு இப்போதுதான் விடிந்தது என்று முடிக்கிறார்கள். அந்தச் சாபம் ஹாலிவுட்டின் சாபம். 1993இல் அவர்கள் எடுத்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' படுத்ததிலிருந்து தொடங்கிய கணக்கு அது. அந்தக் கணக்கை ஜப்பானின் தலையில் ஏற்றுவது தவறு. 'கேஸில்வேனியா'வையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 'அகுமாஜோ டிராகுலா' என்று வழங்கும் அந்த வரிசையின் 'சிம்பனி ஆஃப் தி நைட்' வெளிவந்த மறு ஆண்டே, 1998இல், அதன் பின்கதையைக் கொனாமி நிறுவனம் வானொலி நாடகமாக்கிக் குறுந்தட்டில் வெளியிட்டது. அந்த ஆட்டத்தின் பாத்திரங்களான அலுகார்டும் மரியாவும் நெட்ஃபிளிக்ஸ் திரையில் ஒன்றாகத் தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஜப்பானிய நேயர்கள் அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டார்கள். 'சாபம் நீங்கிய' கதையைச் சொல்பவர்கள் இதைக் குறிப்பிடுவதே இல்லை.

ஆரம்பக் கட்டத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 1986 ஜூலையில் மாரியோ அனிமே படமாக வந்தார். இன்று அது வரலாற்றுக் குறிப்பாகவே மிஞ்சியிருக்கிறது. 1990இல் யூகியோ சவாடா 'கொரோகொரோ' இதழில் தொடங்கிய 'சூப்பர் மாரியோ-குன்' சிறுவர்களைச் சிரிக்கவைப்பது ஒன்றையே குறியாகக் கொண்டு பல பத்தாண்டுகள் ஓடியது. இவை பெயரையும் தொப்பியையும் மட்டும் கடன் வாங்கியவை. ஆட்டத்தின் உள்ளே இருப்பதை வேறொரு கலையில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியை முதலில் உண்மையாக எதிர்கொண்டது 'டிராகன் குவெஸ்ட்' வரிசைதான்.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தை 1986இல் உருவாக்கிய யூஜி ஹோரி 'ஷோனென் ஜம்ப்' இதழில் எழுதியவர். பாத்திரங்களை வரைந்தவர் அகிரா தொரியாமா. பிறக்கும்போதே அது மங்காவின் வீட்டில் பிறந்தது. 1989இல் ரிக்கு சான்ஜோ எழுத, கோஜி இனாடா வரைய, அதே இதழில் தொடங்கிய 'டாயின் பெரும் சாகசம்' எந்த ஆட்டத்தின் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மந்திரங்களின் பெயரும் பூதங்களின் உருவமும் ஆட்டத்தினுடையவை, மனிதர்கள் புதியவர்கள். 1996இல் முடிந்தபோது அது 37 தொகுதிகளாக வளர்ந்திருந்தது. அதன் உயிர் நாயகன் டாய் அல்ல, பாப் என்ற மந்திரவாதிப் பையன். முதலில் அவன் கோழை. ஆபத்து வந்தால் நண்பனை விட்டுவிட்டு ஓடுகிறவன். ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி வளர்வது எண்களால்: சண்டை போட்டால் புள்ளி ஏறும், புள்ளி ஏறினால் புதிய மந்திரம் கிடைக்கும். சான்ஜோ அந்த எண்களை எடுத்துவிட்டு, அங்கே பயத்தையும் பயத்தை வெல்வதையும் வைத்தார். ஆட்டத்தின் வளர்ச்சி விதி ஒரு பையனின் மன வளர்ச்சியாக மாறிய இந்த இடத்தைத் தழுவல் கலையின் முதல் பெரும் வெற்றி என்றே சொல்வேன்.

அதே 'டிராகன் குவெஸ்ட்' வரிசையைத் தழுவிய காமுய் ஃபுஜிவாராவின் 'ரோட்டோவின் சின்னம்' (1991–97) வேறு வழியில் போனது. மூன்றாம் ஆட்டத்துக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவே ஆளில்லாமல் கிடந்த காலத்தை அது எடுத்துக்கொண்டது. அது வெளிவந்த 'ஷோனென் கங்கன்' இதழை நடத்தியது ஆட்டத்தை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனமே. அதற்கு முந்தைய ஆண்டில் எனிக்ஸ் தொடங்கிய 'டிராகன் குவெஸ்ட்' நான்கு கட்டச் சிரிப்புத் தொகுப்புகளில் வரைந்து பழகியவர் ஹிரோயுகி எட்டோ. அவரிடம் உதவியாளராக இருந்தவர் ஹிரோமு அரகாவா. அவருடைய 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' 2001இல் அதே 'கங்கன்' இதழில்தான் தொடங்கியது. விளம்பரத் துணுக்கு என்று ஒதுக்கப்பட்ட தழுவல் மங்காவிலிருந்து ஒரு தலைமுறையே கிளைத்திருக்கிறது.

இனி நான் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். மங்காவுக்கு வாசகர் உண்டு, அனிமேவுக்கு உலகமே உண்டு. ஒலிநாடகத்தைப் பற்றி எழுத ஆளில்லை. ஆனால் இந்தத் துறையின் மையச் சிக்கலைத் தொட்டது அதுதான்.

ஜப்பானிய சாகச ஆட்டங்கள் பலவற்றில் நாயகன் பேசமாட்டான். பேசினால் அவன் வேறொருவன் ஆகிவிடுவான். பேசாதவரை அவன் நாமே. அவனை வேறு ஊடகத்துக்குக் கொண்டுபோகும் எவரும் முதலில் அவன் வாயைத் திறக்க வேண்டும். மங்காவில் முகத்தையும் கண்ணையும் வரைந்து ஒப்பேற்றலாம். ஒலியில் தப்பிக்க வழியில்லை. குரல் இல்லாவிட்டால் ஆளே இல்லை.

1990களில் எனிக்ஸ் வெளியிட்ட 'சிடி தியேட்டர்' நாடகங்கள் இந்தச் சவாலை நேருக்கு நேர் ஏற்றன. நான்கு, ஐந்து, ஆறாம் 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டங்களை நாவலாக்கிய சவோரி குமியின் எழுத்தே அந்த ஆட்டங்களின் நாடகங்களுக்கு அடித்தளம். ஐந்தாம் ஆட்டத்தின் நாயகன் தந்தையை இழந்து பத்து ஆண்டுகள் அடிமையாகக் கிடப்பான். ஆட்டத்தில் அந்தப் பத்து ஆண்டுகள் ஒரு திரைமாற்றத்தில் கடந்துவிடும். பெயரைக்கூட ஆடுபவரிடம் விட்டுவிட்ட அந்த மனிதனுக்குக் குமி ஒரு பெயர் வைத்தார், பேச்சு கொடுத்தார், துக்கப்படும் உரிமையைக் கொடுத்தார். 2019இல் அதே ஆட்டம் 'டிராகன் குவெஸ்ட்: யுவர் ஸ்டோரி' என்ற பெரும் பொருட்செலவுப் படமானபோது, தன் நாவல் நாயகனின் பெயரை அனுமதியின்றி எடுத்தாண்டார்கள் என்று அவர் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. சட்டத்தின் தீர்ப்பு வேறு, விமரிசகனின் கேள்வி வேறு. தழுவலில் ஓர் எழுத்தாளர் புதிதாகப் படைத்ததை அவருடைய படைப்பாக மதிக்கிறோமா? குமிக்கு அந்த மதிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

ஒலியை நம்பிய வேறு முயற்சிகளும் இதே காலத்தவை. 1995இல் நின்டெண்டோ செயற்கைக்கோள் வழியே 'செல்டா' ஆட்டத்தை ஒளிபரப்பியது. குறித்த நேரத்தில் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே செயின்ட் கிகா வானொலி நிலையத்திலிருந்து நடிகர்களின் குரல் வந்து ஆட்டத்தோடு சேர்ந்தது. நாடகமும் ஆட்டமும் ஒரே கணத்தில் நடந்த அரிய நிகழ்வு அது. 1998இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' ஆட்டத்தில் கதையின் பெரும்பகுதி ரேடியோ உரையாடலாகவே நடக்கிறது. நாயகன் ஸ்னேக் இருட்டில் பதுங்கிக் கிடக்க, தொலைவிலிருந்து குரல்கள் அவனை வழிநடத்தும். அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வானொலி நாடகம் இருந்தது. ஆகவே ஆட்டத்தில் ஸ்னேக்குக்குக் குரல் கொடுத்த அதே நடிகர் அகியோ ஓட்சுகாவின் குரலில் அதன் பின்கதை ஒலிநாடகமாக வந்தபோது எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. அந்த ஆட்டத்தை உருவாக்கிய ஹிடேயோ கோஜிமா தன் பழைய ஆட்டமான 'ஸ்னாச்சர்'க்கு 2011இல் முன்கதை செய்ய நினைத்தபோது தேர்ந்தெடுத்ததும் ஒலியைத்தான். சுடா கோயிச்சி எழுத, அகிரா யமவோகா இசையமைத்தார்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் சான்று 'ஸ்டைன்ஸ்;கேட்'. 2009இல் வந்த அந்த ஆட்டத்தில் ஆடுபவர் தேர்ந்தெடுக்காத உலகங்கள் இருட்டில் கிடந்தன. மறு ஆண்டில் வந்த மூன்று ஒலிநாடகங்கள் அவற்றுக்குள் நுழைந்தன. அவற்றில் ஒன்று நாயகன் தோற்றுப்போன உலகைச் சொன்னது; 2015இல் வந்த 'ஸ்டைன்ஸ்;கேட் 0' ஆட்டத்துக்கு அதுவே ஒரு மூலமாயிற்று. தழுவல் பிறந்த இடத்துக்கே திரும்பி, தாய் ஆட்டத்துக்கு ஒரு தொடர்ச்சியைக் கொடுத்தது.

அனிமேயிலும் இப்படி நடந்ததுண்டு. 1997இல் 'போக்கிமான்' தொடரை எழுதிய தகேஷி ஷூடோவின் குழு, ஆட்டத்தில் நூற்றைம்பதில் ஒன்றாக இருந்த பிக்காச்சுவைச் சொல்பேச்சுக் கேட்காத ஒரு தோழனாக்கியது. 1998இல் ஆட்டமே அதைப் பின்பற்றி, பிக்காச்சு கூடவே நடந்துவரும் மஞ்சள் பதிப்பை வெளியிட்டது. ஆனால் 2010களின் பெரும்பாலான அனிமேக்கள் இந்தத் துணிவை இழந்தவை. 'டாங்கன்ரோன்பா'வின் ஆறு வழக்குகளை 2013இல் 13 அத்தியாயங்களில் திணித்தார்கள். தடயம் தேடித் தடுமாறுவதுதான் அந்த ஆட்டத்தின் இன்பம். திரையில் அந்தத் தடுமாற்றம் போய், ஆட்டத்தின் பொத்தான்களும் எழுத்துகளும் மட்டும் அப்படியே பறந்தன. ஏறத்தாழ நூறு மணி நேரம் ஆடும் 'பெர்சோனா 5' 2018இல் அவசர அவசரமான சுருக்கமாயிற்று. இந்தத் தயாரிப்புக் குழுக்களில் முதலீட்டாளர்களாக ஆட்ட நிறுவனங்களும் அமர்வதால், எதையும் விட்டுவிடாமல் எல்லாவற்றையும் காட்டிவிடும் பயந்த விசுவாசமே கடைசியில் மிஞ்சுகிறது. 2011இல் 'பெர்சோனா 4' நாயகனின் மௌனத்தையே நகைச்சுவையாக்கிய இயக்குநர் செய்ஜி கிஷிதான் 'டாங்கன்ரோன்பா'வையும் இயக்கினார் என்பதால், குறை ஆளிடம் இல்லை, திட்டத்தில் இருக்கிறது என்பது தெளிவு.

இன்றைய புகழ்மாலைகள் என்னைக் கவலைப்படுத்துவது இதனால்தான். 'ஆட்டத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள்' என்பதைப் பாராட்டாகச் சொல்லப் பழகினால், அடுத்து வரும் தழுவல்கள் எல்லாம் விலையுயர்ந்த நகல்களாகவே இருக்கும். முப்பது ஆண்டு வரலாறு சொல்வது வேறு: ஆட்டம் எதைச் சொல்லாமல் விட்டதோ அங்கே தொடங்கிய தழுவல்களே நிலைத்தன. பாப்பின் பயம், அடிமை நாயகனின் துக்கம், தோற்ற உலகின் கதை எல்லாம் அப்படி வந்தவை. ஒலிநாடகம் இதை மற்றவற்றைவிடத் துணிவாகச் செய்ததற்குக் காரணம் செலவு குறைவு என்பது மட்டுமில்லை. காட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லாததால், சொல்லப்படாததைத் தேடிப் போவதைத் தவிர அதற்கு வழியிருக்கவில்லை.

ஆகவே நிறுவனங்கள் அடுத்த பெருஞ்செலவுத் தொடருக்குக் கையெழுத்திடும் முன் தங்கள் பழைய குறுந்தட்டுகளை மீண்டும் வெளியிட வேண்டும். எழுதியவர்களின் பெயரை அட்டையில் பெரிதாகப் போட வேண்டும். பிற மொழிகளுக்குப் பெயர்க்க உரிமை தர வேண்டும். விமரிசகர்கள் இந்தத் துறையின் வரலாற்றை 2017இல் தொடங்குவதை நிறுத்த வேண்டும். இனி எழுதப்படும் எந்த வரலாற்றிலும் சவோரி குமிக்கு ஓர் அத்தியாயம் இல்லையென்றால் அது முழுமையான வரலாறு ஆகாது.